மெத்தையில் தேர்ச்சி பெற்ற துப்பாக்கி

துப்பாக்கி வெடித்தால் நிரப்ப வேண்டிய படிவத்தில் பதினான்கு கட்டங்கள் உண்டு. ஏழாவது கட்டம்: ‘விசையை அழுத்தியவர் பெயர்’. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று அடியில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. காலியாக இருந்தால் தலைமையகத்துப் பதிவு எழுத்தர் படிவத்தை வாங்க மாட்டார். அவர் வாங்காதவரை அந்தத் துப்பாக்கி வெடிக்கவில்லை. வெடிக்காத துப்பாக்கியில் ஒரு தோட்டா குறைந்தால் அது திருட்டு. ஆகவே காவல் துறையில் எல்லாரும் ஏழாவது கட்டத்தை நிரப்பிவிடுவார்கள்.

உறுதி-9 என்ற புதிய கைத்துப்பாக்கி வழங்கப்பட்ட ஐந்து மாதங்களில் அந்தப் படிவம் பதினொரு முறை ஆயுதக் கிடங்குக்கு வந்தது. முதலாவது ஒரு போக்குவரத்துக் காவலருடையது. டீக்கடை பெஞ்சில் அவர் உட்காரும்போது துப்பாக்கி உறையில் இருந்தபடியே வெடித்துக் குதிகாலைக் கொண்டுபோனது. அப்போது அவருடைய ஒரு கையில் டீயும் மறு கையில் சகாவின் டீயும் இருந்ததாகக் கடைக்காரர் சாட்சி சொன்னார். ஏழாவது கட்டத்தில் காவலர் தன் பெயரை எழுதினார். நான்காவது, ஒரு பெண் உதவி ஆய்வாளருடையது. கழிப்பறைக் கதவின் கொக்கியிலிருந்து இடுப்புப் பட்டை நழுவி விழுந்து, கூரையில் ஓட்டை விழுந்தது. அவரும் தன் பெயரை எழுதினார். ஒன்பதாவது, பூட்டிய மேசை இழுப்பறையில் வெடித்தது. மேசையை நகர்த்தியவர் துப்புரவுப் பணியாளர். துப்பாக்கிக்கு உரிய ஆய்வாளர் தங்கையின் திருமணத்துக்காக வெளியூரில் இருந்தார். விடுப்பு முடிந்து வந்ததும், தான் ஊரில் இல்லாத தேதியைப் போட்டு, விசையை அழுத்தியதாகக் கையெழுத்திட்டார்.

பதினொரு படிவங்களையும் வாங்கிக் கோப்பில் வைத்தவர் ஆயுதக் கிடங்கின் பொறுப்பாளர். இருபத்தாறு வருடமாகத் துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறவர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல்களில் துப்பாக்கி எண்ணெய் வாசம் போகாது என்பதால் காவலர்கள் அவரை எண்ணெய் அண்ணன் என்பார்கள். பன்னிரண்டாவது படிவம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அதில் ஏழாவது கட்டம் காலியாக இருந்தது. துப்பாக்கி வைத்திருந்தவர் என்ற கட்டத்தில் அவருடைய தம்பியின் பெயர் இருந்தது.

நடந்தது இதுதான். மழை விட்ட ஒரு பிற்பகலில் ரோந்து ஜீப்பின் பின்சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டது. டிரைவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். தம்பி பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து ஸ்டெப்னியைத் தூக்கி இறக்கினான். அந்தக் கனத்துக்கு அவன் குனிந்தபோது உறையின் பொத்தான் விட்டுக்கொண்டது. துப்பாக்கி தார்ச் சாலையில் விழுந்தது, பின்பக்கம் கீழேயும் குழல் மேலேயுமாக. தோட்டா டிரைவரின் விலாவில் ஏறியது. அவர் கழற்றிய நட்டுகளைச் சக்கரத்தின் வட்டமூடிக்குள் போட்டு, ஸ்பானரையும் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் சாய்ந்தார் என்று தம்பி சொன்னான். அதைக் கேட்டு எழுதிக்கொண்ட அதிகாரி, தேவையற்ற விவரம் என்று அடித்துவிட்டார்.

தம்பியைக் காவலர் குடியிருப்பின் ஓர் அறையில் அடைத்திருந்தார்கள். எண்ணெய் அண்ணன் போனபோது அவன் கட்டிலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்திருந்தான்.

“சாப்பிட்டியா?”

“ரெண்டு கையாலயும் ஸ்டெப்னியப் பிடிச்சிருந்தேண்ணா. விசையை அழுத்த மூணாவது கை எனக்கு எங்க இருக்கு?”

“சாப்பிட்டியான்னு கேட்டேன்.”

“எழுத்தர் தினமும் வர்றார். பேனாவ அவரே கொண்டுவர்றார். ஏழாவது கட்டத்துல பேரப் போட்டா கவனக்குறைவுன்னு முடிஞ்சிடுமாம். வேலை போகும், ரெண்டு வருஷம் உள்ள இருக்கணும். போடலேன்னா கொலையாம்.”

“அது எப்படிடா கொலையாகும்?”

“துப்பாக்கி தானா வெடிக்காது, அதுக்குச் சான்றிதழ் இருக்கு. அப்ப யாரோ அழுத்தியிருக்கணும். தெரியாம அழுத்திட்டேன்னு நான் ஒத்துக்கலேன்னா, தெரிஞ்சேதான் அழுத்தினேன்னு ஆகுதாம். நல்ல மனுஷன், பொறுமையா ரெண்டு தடவ விளக்கினார். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுத்திருக்கார்.”

அண்ணன் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தார்.

“அக்கா என்னண்ணா சொல்றாங்க?” டிரைவரின் மனைவியைத்தான் கேட்டான். “ஆறு வருஷமா அவங்க கட்டிக் குடுத்த டிபன்லதான் எனக்கும் மத்தியானச் சாப்பாடு. நான்தான் சுட்டேன்னு நெனைக்கிறாங்களா?”

“யார்கிட்டயும் பேசலையாம்.”

“அந்தச் சனியனுக்குச் சான்றிதழ் கொடுத்தவன் எவன்னு தெரிஞ்சா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.”

அண்ணன் டிபன் பாக்ஸைத் திறந்து அவன் முன்னால் வைத்தார். சான்றிதழின் மூன்றாம் பக்கத்தில் இருப்பது அவருடைய கையெழுத்துதான்.

போன வருடம் உறுதி-9இன் ஆறு மாதிரித் துப்பாக்கிகள் சோதனைக்கு வந்தன. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் பத்து முறை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த வேலைக்குத் துறையில் அங்கீகாரம் பெற்றவர் அவர் ஒருவர்தான். ஆனால் மாதிரிகள் அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் சொத்து. கீறல் இல்லாமல் திருப்பித் தர வேண்டும் என்பதும் விதி. ஒரு கீறலுக்கு ஒரு விளக்கக் கடிதம், மூன்று பிரதிகளில். சிமெண்டுத் தரையில் அறுபது முறை போட்டால் என்ன ஆகும் என்று அவர் பண்டகசாலையைக் கவனிக்கும் பண்டக அதிகாரியிடம் போய்க் கேட்டார்.

“மெத்தை ஒண்ணப் போட்டு அதுமேல போடுங்க,” என்றார் பண்டக அதிகாரி.

“தரையிலன்னு போட்டிருக்குங்க.”

“மெத்தை எங்க கிடக்கு? ஆகாசத்துலயா? தரையிலதான கிடக்கு?”

பணிக் காவலர் அறையிலிருந்து ஒரு பஞ்சு மெத்தையை எண்ணெய் அண்ணனே தூக்கிக்கொண்டு வந்தார். அறுபது முறை போட்டார். ஒன்றும் வெடிக்கவில்லை. கீறலும் இல்லை. ‘தரையில் போடப்பட்டது, தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிறுவனத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. ஒரே ஒரு பிரதிதான், ஆனால் சட்டம் போட்டு வந்தது.

தம்பியைப் பார்த்துவிட்டு வந்த அன்று, அவர் கிடங்கின் பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் மெத்தை இல்லாமல் போட்டுப் பார்த்தார். குண்டையும் மருந்தையும் எடுத்துவிட்டு, பின்னாலுள்ள வெடிமூடியை மட்டும் விட்டுவைத்த தோட்டா. வெடித்தால் பட்டாசுச் சத்தம் கேட்கும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. பத்து முறை போட்டார். நான்கு முறை வெடித்தது. பின்பக்கம் தரையில் மோதும்போது விசை தன் கனத்தாலேயே பின்னுக்குப் போகிறது, விரல் தேவையில்லை. இதைக் கண்டுபிடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. போன வருடமும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

நடந்ததையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு தலைமையகம் போனார். பதிவு எழுத்தர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“இது புகாரா?”

“ஒப்புதல் வாக்குமூலம்.”

“யாரு மேல?”

“என் மேலதான்.”

“உங்க மேல நீங்களே எப்படிக் கொடுப்பீங்க? உங்க மேலதிகாரி கொடுக்கணும். அவர் எழுதணும்னா சோதனை தப்புன்னு அவருக்குத் தெரியணும். சோதனை சரின்னு நீங்கதான எழுதிக் கொடுத்திருக்கீங்க?” எழுத்தர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். “ஒருத்தரே ரெண்டு விதமா எழுதினா, துறை முதல்ல எழுதினதத்தான் எடுத்துக்கும். ரெண்டாவது எழுதறப்போ மனுஷனுக்கு ஏதாவது உள்நோக்கம் இருக்கும்.”

“உள்நோக்கம்தான். என் தம்பி உள்ள இருக்கான்.”

“பாத்தீங்களா?” என்றார் எழுத்தர், வருத்தத்தோடு.

இருந்தாலும் அவர் நல்ல மனிதர். தம்பிக்கு விளக்கியதுபோல இவருக்கும் விளக்கி, காவல் துறை இயக்குநரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இயக்குநரின் அறையில் உறுதி-9 பற்றிய சுற்றறிக்கைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. முதல் சுற்றறிக்கை, துப்பாக்கியோடு ஓடக் கூடாது என்றது. இரண்டாவது, துப்பாக்கியோடு உட்காரும்போது ஒரு கையால் உறையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது. மூன்றாவது, குழலில் தோட்டா வைக்க வேண்டாம் என்றது. நான்காவது, தோட்டாக்களை நிலையத்து எழுத்தரின் அலமாரியில் வைத்துப் பூட்டி, தேவைப்படும்போது எழுதிக் கொடுத்து வாங்கச் சொன்னது. நான்காவது வந்த மறுவாரம் ஒரு காவலர் அரிவாளோடு வந்தவனிடம் வெறும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்று, வலது கையை இழந்தார்; அதோடு கடைசி இரண்டையும் திரும்பப் பெற்றார்கள். அவர் விஷயத்தில் துப்பாக்கி வெடிக்காததால் படிவம் தேவைப்படவில்லை.

இயக்குநர் வாக்குமூலத்தை முழுவதும் படித்தார். கோபப்படவில்லை. எதிரே உட்காரச் சொன்னார்.

“நீ ஒண்ணு யோசிச்சுப் பாரு. துப்பாக்கிய சந்தேகப்பட்டா, அதுக்குக் கொடுத்த சான்றிதழ சந்தேகப்படணும். சான்றிதழ சந்தேகப்பட்டா, அதுல கையெழுத்துப் போட்டவங்கள சந்தேகப்படணும். உன் கையெழுத்து மூணாம் பக்கம். முதல் பக்கம் யாரோடது? எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவரோடது. அவர் இப்ப எங்க இருக்கார்?”

“தெரியாதுங்க.”

“துப்பாக்கி செய்யற கம்பெனியில ஆலோசகரா இருக்கார். வயசு எழுபது. நிம்மதியா இருக்கார். எனக்கும் இன்னும் எட்டு மாசம்தான்யா இருக்கு.” இயக்குநர் சன்னலைப் பார்த்தார். “பதினஞ்சாயிரம் துப்பாக்கி கொடுத்திருக்கோம். பன்னிரண்டுதான் வெடிச்சிருக்கு. மீதி எல்லாம் ஒழுக்கமாத்தான் இருக்கு. அந்தப் பன்னிரண்டு பேர்கிட்டயும் என்ன பொதுன்னு பாத்தோம். பன்னிரண்டு பேருமே காவலர்கள்.”

“ஒரு ஆள் செத்திருக்காருங்க.”

“அதுக்குத்தான் உன் தம்பி இருக்கானே.”

வாக்குமூலத்தை இழுப்பறையில் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: “சரி, மறுசோதனை ஒண்ணு வைக்கலாம். நீ கேட்டதுக்காக இல்ல. பத்திரிகைக்காரங்க கேக்கறாங்க. வெள்ளிக்கிழமை காலையில. போடறதுக்கு நீயே வா. உனக்குத்தான் அங்கீகாரம் இருக்கு.”

எண்ணெய் அண்ணன் எழுந்து கும்பிட்டார். படியிறங்கும்போது, தம்பி திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவான் என்றே நினைத்தார். இருபத்தாறு வருட அனுபவம் அவரை அந்த நினைப்பிலிருந்து காப்பாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தலைமையகக் கூட்ட அறையில் நீள மேசைகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். முன்வரிசையில் இயக்குநர், பண்டக அதிகாரி, நிறுவனத்துப் பிரதிநிதி ஆகியோர். பிரதிநிதி வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். பத்திரிகைக்காரர்களை அடுத்த அறையில் உட்காரவைத்து, முடிவைத் தட்டச்சு செய்து முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். தம்பி இரண்டு காவலர்களுக்கு நடுவே நின்றான். எதிர்ப்பக்கச் சுவரோரம் தனி நாற்காலியில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். பாதிக்கப்பட்ட தரப்பு ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி என்பதால் ஜீப் அனுப்பி வரவழைத்திருந்தார்கள். அதே ஜீப். பின்சக்கரத்தில் இப்போது காற்று இருந்தது.

அறை நடுவில் ஒரு மெத்தை கிடந்தது. பழைய பஞ்சு மெத்தை இல்லை. புதிய நுரை மெத்தை, வெள்ளை விரிப்போடு.

எண்ணெய் அண்ணன் அதைப் பார்த்தார். “சார், மெத்தைய எடுக்கணும்.”

“ஏன்?” என்றார் பண்டக அதிகாரி.

“அதச் சொல்லத்தானங்க ரெண்டு பக்கம் எழுதினேன்.”

“மறுசோதனைன்னா என்ன? முதல்ல செஞ்சத மறுபடியும் செய்யறது. முதல்ல மெத்தை இருந்துச்சுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? இப்ப எடுத்தா அது வேற சோதனை ஆயிடும். அதுக்கு வேற உத்தரவு வேணும்.”

பிரதிநிதி பணிவாகக் குறுக்கிட்டார். “விரிப்பு எங்க செலவு.”

துப்பாக்கியில் வெடிமூடி மட்டும் உள்ள தோட்டா போட்டார்கள். எண்ணெய் அண்ணன் கையை ஒன்றரை மீட்டருக்கு உயர்த்தினார். ஒருவர் அளவுகோலை வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். முதல் முறை, மெத்தையில் பொத்தென்று விழுந்தது. இரண்டு. மூன்று. ஒவ்வொரு முறையும் பிரதிநிதி துப்பாக்கியை எடுத்து, துணியால் துடைத்து, கீறல் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஒன்பதாவது முறை முடிந்ததும் இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பத்தாவது முறைக்கு எண்ணெய் அண்ணன் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, தம்பியை ஒரு தடவை பார்த்தார். பிறகு மெத்தையைத் தாண்டி இரண்டடி தள்ளிப் போய், கையை உயர்த்தி, வெறும் தரையில் போட்டார்.

வெடித்தது.

மூடிய அறையில் அந்தச் சின்னத் தோட்டாவும் பெரிய சத்தம் போட்டது. தம்பி காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். புகை மெதுவாக மேலே போயிற்று. எல்லாரும் அண்ணனின் கைகளைப் பார்த்தார்கள். அவர் இரண்டையும் விரித்துக் காட்டினார். காலிக் கைகள், எண்ணெய் வாசத்தோடு.

முதலில் பேசியது பண்டக அதிகாரி. “எங்க போட்டீங்க?”

“தரையில.”

“தரையில போட யார் சொன்னது?”

“விதி சொல்லுதுங்க.”

பிரதிநிதி துப்பாக்கியைக் கையுறையால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். “கீறல் விழுந்திருக்கு,” என்றார். அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது.

இயக்குநர் எழுத்தருக்குச் சைகை காட்டினார். எழுத்தர் ஒரு படிவத்தோடு வந்து, எண்ணெய் அண்ணனிடம் பேனாவை நீட்டினார். “துப்பாக்கி வெடிச்சிருக்கு இல்ல? ஏழாவது கட்டம்.”

“எல்லாரும் பாத்துக்கிட்டுதான இருந்தீங்க? நான் அழுத்தல. தானா வெடிச்சுது.”

“பாத்தோம். ஆனா கட்டம் இருக்கே.”

அப்போது டிரைவரின் மனைவி எழுந்தார். அவர் எழுந்தது யாருடைய பட்டியலிலும் இல்லாததால் யாரும் தடுக்கவில்லை. பத்து நாளில் அவர் குரலை அன்றுதான் வெளியாட்கள் கேட்டார்கள்.

“ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க வீட்டுக்காரர் டயர் மாத்திக்கிட்டு இருந்த ரோட்டுல மெத்தை இருந்துச்சா?”

இயக்குநர் அவரை அனுதாபத்தோடு பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. பல மாதமாகத் தேடியது கிடைத்தவரைப் போல மேசையில் விரலால் தட்டினார்.

“இல்ல,” என்றார். “அதுதான்மா குறை. அதைத்தான் சரிசெய்யப் போறோம்.”

டிரைவரின் மனைவி அவரைத் தாண்டி நடந்து, தரையில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் போனார். “எந்திரிடா,” என்றார். “நீ தொடலேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எந்திரி.” எழுத்தரிடம் திரும்பி, “இவன் பேர எழுதாதீங்க,” என்றார். பாதிக்கப்பட்ட தரப்புக்குக் கருத்துச் சொல்லும் கட்டம் படிவத்தில் இல்லை என்று எழுத்தர் மெல்லிய குரலில் சொன்னார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, தம்பி ஏழாவது கட்டத்தில் தன் பெயரை எழுதினான். அழுத்தவில்லை என்பதை நேரில் பார்த்தவர்களே அழுத்தியதாக எழுதச் சொல்லும்போது, கொலைக் கைதியாக இருப்பதைவிடக் கவனக்குறைவானவனாக இருப்பது மேல் என்று அண்ணன்தான் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு மூன்று தடவை வாய் திறக்க வேண்டியிருந்தது. பேனா எழுத்தருடையது.

மறுசோதனைக் குழுவின் அறிக்கை நாற்பது பக்கம் வந்தது. உறுதி-9 மெத்தையின் மேல் ஒன்பதுக்கு ஒன்பது முறையும் தேர்ச்சி பெற்றது. பத்தாவது முறை, சோதனையாளர் மெத்தையைத் தவறவிட்டதால் கணக்கில் சேரவில்லை. கீறலுக்கு எண்ணெய் அண்ணன் மூன்று பிரதிகளில் விளக்கம் தர வேண்டியிருந்தது, தந்தார். துப்பாக்கியைக் கீழே போடும் அங்கீகாரம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அங்கீகாரம் இல்லாமல் சாலையில் துப்பாக்கியைக் கீழே போட்டதை, தம்பியின் மேல் கூடுதல் குற்றமாகச் சேர்த்தார்கள். இரண்டு வருடம் இரண்டரை ஆயிற்று.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் அண்ணன் சிறைக்குப் போகிறார். டிரைவரின் மனைவியும் கூட வருகிறார். கையில் அதே டிபன் பாக்ஸ். வாசலில் சோதனை போடுகிற காவலரின் இடுப்பில் உறுதி-9 தொங்குகிறது. அந்தக் காவலர் குனிந்து டிபனைத் திறக்கும்போதெல்லாம் இருவரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, ஓரடி விலகி நிற்கிறார்கள்.

குழுவின் முக்கியப் பரிந்துரை மூன்றே மாதத்தில் நிறைவேறியது. எல்லா ரோந்து ஜீப்புகளுக்கும் தலா ஒரு நுரை மெத்தை வழங்கப்பட்டது. சுருட்டி வைக்க ஜீப்பில் வேறு இடம் இல்லாததால், பின்சீட்டுக்குப் பின்னால் இருந்த ஸ்டெப்னிகளை எடுத்துப் பண்டகசாலையில் அடுக்கிவிட்டார்கள். ஆண்டு முடிவில் வெளியான புள்ளிவிவரத்தில், டயர் மாற்றும்போது துப்பாக்கி வெடித்த நிகழ்வுகள் ஒன்றுகூட இல்லை.